சாவு வீட்டு லைன்

மண்ணாங்கட்டி செத்துப் பல மாசம் ஆகியும் அவர் வீட்டில் சாவு முடியவில்லை. வலியுல்லா பாயின் கடைக் கம்ப்யூட்டரில் அது இன்னமும் சாவு வீடாகவே இருந்தது. இந்த விஷயம் அந்த வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது. செத்தவருக்கு எங்கே தெரியப்போகிறது.

வலியுல்லாவின் கடை சைதாப்பேட்டை பஜார் ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தின் முனையில் இருக்கிறது. முன்னால் கேபிள் டிவி, இப்போது நெட். ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து ஒரே ஒரு தடித்த லைனை வாங்கி, அதைப் பிரித்து வீடு வீடாகக் கொடுக்கிறார். ஆற்றோரக் குடிசைச் சந்துகள் மூன்று, நடுத்தரமான வீடுகள் கொஞ்சம், அப்புறம் ரிவர் கிரீன் என்ற அடுக்குமாடி. ஆற்றைப் பார்க்கிற மாதிரி கட்டி, அந்தப் பேரையே வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் அடையாற்று நாற்றம் தாங்காமல் ஆற்றுப் பக்கத்து ஜன்னல்களை ஒரு நாளும் திறந்ததில்லை.

லைன் ஒன்று, வாய் ஆயிரம். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தண்ணி லாரி வந்த தெரு மாதிரிதான். யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்கிற வேலை வாஜிதுக்கு. வலியுல்லாவின் அக்கா மகன், டிப்ளமா படித்தவன். கம்ப்யூட்டரில் முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை என்று மூன்று வைத்திருந்தான். ரிவர் கிரீன் முதல் வரிசை. அதற்காகத் தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள். குடிசைச் சந்துகள் கடைசி. இதில் அநியாயம் இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. எந்த லாரியில்தான் குடிசைக் குடம் முன்னால் நின்றிருக்கிறது?

ஆனால் வலியுல்லாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பேட்டையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், யார் வீடானாலும், அந்த வீட்டு லைனை முதல் வரிசைக்கு ஏற்றச் சொல்லிவிடுவார். பொணத்தை எடுக்கிற வரைக்கும் அது அங்கேதான் இருக்கும். ஒரு தடவை ஹபீபுர் ரஹ்மான் என்கிற பையன் ஷார்ஜாவிலிருந்து தகப்பன் முகத்தை வீடியோவில் பார்க்கக் காத்திருந்தான். பொணத்தைச் சுற்றிய கஃபன் துணியை முகத்திலிருந்து விலக்குகிற நேரத்தில் படம் நின்றுவிட்டது. துணியைப் பிடித்த ஒரு கையை மட்டும் பார்த்துப் பார்த்து அழுதான் அவன். அதைக் கேட்ட நாளிலிருந்துதான் இந்த வழக்கம். ரிவர் கிரீன்காரர்கள் ஒப்பந்தம் போட்டபோதுகூட இதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி, போன கார்த்திகையில் செத்தார். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த வாரம். சொந்தக்காரர்களையெல்லாம் ஆற்றோரத்திலிருந்து காலி செய்து எப்போதோ பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. அங்கே இருந்தபடியே போனில் முகத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்தார்கள். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பொணத்தை எடுத்த அன்றைக்கே வலியுல்லாவின் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டிகளை மேலே ஏற்றுவதா, சாவு வீட்டைக் கீழே இறக்குவதா? வாஜித் மறந்துபோனான்.

தை மாசம் மண்ணாங்கட்டியின் மகள் தமிழ்நிலாவுக்கு வேலை கிடைத்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்களிடம் பேசி, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. வீட்டிலிருந்தே பேசலாம், கம்பி வழியாக வருகிற நெட் மட்டும் வேண்டும். அவள் வீட்டு லைனைச் சோதித்துப் பார்த்த கம்பெனிக்காரன், "உங்க லைன் சூப்பர்ங்க" என்றான். அவள் அம்மா முனியம்மாள் அந்த வெள்ளிக்கிழமை மோடத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. ஃபேன் சத்தம் போனில் கேட்குமென்று ஃபேனை நிறுத்திவிடுவாள் நிலா. சித்திரையிலும் அப்படித்தான். கழுத்தில் ஈரத்துண்டு, காதில் மாட்டிய கருவி. "வணக்கம், தமிழ்நிலா பேசறேன், எந்த டாக்டரைப் பார்க்க விரும்பறீங்க?" என்பாள். மகள் பேச்சில் ஒரு கீது, ஒரு இன்னா வராததை முனியம்மாள் வெளியே குந்திக் கேட்டுக்கொண்டிருப்பாள். ரிவர் கிரீனில் மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தால் அவளுக்கு அடுத்த வேலை வாசல் காவல்.

"ந்தா, கூவாத! பொண்ணு பேசிக்கினு கீது" என்பாள் நெத்திலிக்காரியிடம்.

"யாராண்ட பேசுது?"

"நோயாளிங்களாண்ட. போ போ, முக்குக்குப் போய்க் கூவு."

குக்கர் விசில் வைக்கமாட்டாள். சோறு வடிப்பாள், குழம்பை முந்தின நாளே வைத்துவிடுவாள், இல்லாவிட்டால் இட்லியும் வடகறியும் வாங்கி வந்துவிடுவாள். மகள் ஒரு வாய் சாப்பிடுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். ஆனாலும் அந்த ஆறேழு மாசமும் முனியம்மாள் நிம்மதியாகத்தான் இருந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் முன்னால் இருந்ததில்லை.

அதைக் கெடுத்தது ஆடி மாசம். ரிவர் கிரீன் சங்கச் செயலாளர் சாய்சரண் வீட்டிலிருந்தபடி வீடியோவில் பேசிய ஏதோ கூட்டத்தில் அவர் முகம் வாயைத் திறந்தபடி நின்றுபோனதாம். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

"முதல் வரிசைல எங்களைத் தவிர யார் இருக்கான்னு காட்டுங்க."

வாஜித் திரையைத் திருப்பினான். அவனும் அப்போதுதான் பார்த்தான்.

"சாவு வீடுன்னு போட்டிருக்கு. யாரு?"

"மண்ணாங்கட்டின்னு ஒரு பெரியவர் சார். நம்ம முனியம்மா வீட்டுக்காரர். மழையில மௌத்தானாரு."

"எந்த மழை? போன வருஷ மழையா? அப்போலேர்ந்து ஒருத்தர் செத்துக்கிட்டே இருக்காரா?"

வலியுல்லாவுக்குக் காது சிவந்துவிட்டது. அங்கேயே அந்த வீட்டை இறக்கச் சொன்னார். இனிமேல் சாவு வீடு ஏற்றினால் செத்தது யார் என்று தனக்குச் சொல்ல வேண்டும், எடுத்தவுடன் இறக்க வேண்டும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் மொத்த அடுக்குமாடியும் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார் சாய்சரண். அவர்கள் போனால் பெரிய லைனை வைத்துக்கொள்ள முடியாது. கடையை மூடவேண்டியதுதான்.

மறுநாளே நிலாவின் குரல் வெட்டத் தொடங்கியது. "வணக்... நிலா... டாக்..." என்றுதான் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது. வயசானவர்கள் "கேக்கலை, கேக்கலை" என்று கத்தினார்கள். ஒருவர் மனைவிக்கு நெஞ்சுவலி என்று பாதி சொல்லும்போதே அறுந்தது. அன்றைக்கு நிலா சாப்பிடவில்லை. வார முடிவில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. வேலையை நிரந்தரமாக்குவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அவள் பேச்சை ஒட்டுக்கேட்டு மார்க் போடுவார்கள். வருகிற வியாழக்கிழமை. அழைப்புகள் அறுந்தால் வேலை இல்லை.

முனியம்மாள் கடைக்குப் போனாள்.

"இன்னா பாய் இது, கண்ணு பட்ட மாதிரி லைன் பூட்ச்சே. பொண்ணு அய்துகினே கீது."

வலியுல்லா ஒன்றையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"அப்போ இத்தினி நாளு என் பொண்ணு சம்பாரிச்சது, அவுங்க அப்பன் செத்த லைன்லயா?"

"தப்பு எங்க மேலதான், முனிம்மா. மறந்துட்டோம்."

"தப்புன்னு ஏன் சொல்ற? நல்லாதான மறந்த? இன்னும் கொஞ்ச நாளு மறந்திருக்கக் கூடாதா?"

வாஜித் இடையில் பேசினான். "மாமு, நெலா பேசறது ஒண்ணுமே இல்ல. ரிவர் கிரீன்ல ஒருத்தர் படம் பாக்கறது ஒரு லாரித் தண்ணின்னா இது ஒரு சொம்பு. ஆனா சொம்பு நிக்காம போவணும், அவ்ளோதான். பேசாம எல்லா வூட்டுப் பேச்சையும் முதல் வரிசைல போட்டுட்டு, படம் பாக்கறத பின்னால தள்ளிடலாம். யாருக்கும் ஒண்ணும் கொறயாது. சாரையே கேளு."

வலியுல்லா அங்கிருந்தே போன் போட்டார். சாய்சரண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பாய், நீங்க சொல்றது நல்ல ஐடியாதான். எங்களுக்கு ஒண்ணும் குறையாதுன்னும் தெரியுது. ஆனா எல்லாரோட பேச்சும் முதல்லன்னா, நாங்க எதுக்குத் தனியா ஒப்பந்தம் போட்டோம்? மீட்டிங்ல இதை நான் எப்படிச் சொல்றது?"

தனக்குக் குறையாவிட்டாலும் அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது. இதை இவ்வளவு மரியாதையாகவும் சொல்லமுடியும் என்பதைப் படித்தவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

முனியம்மாள் கடை ஸ்டூலில் குந்தினாள். வெளியே ஆடிக் காற்று சந்தின் குப்பையை வாரி உள்ளே போட்டது. வேறு கம்பெனி லைனுக்கு அவள் முயலாமல் இல்லை. ஆற்றோரத்தை எப்படியும் காலி செய்யப்போகிறார்கள், அங்கே கம்பி இழுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடையிலேயே வந்து பேசட்டும் என்றால் பஜார் ரோட்டு ஹாரன் சத்தம்.

"பாய், ஒரே நாளு. வியாயக்கெயம மட்டும். சாவு வூடுன்னு ஏத்திடு."

"யார் செத்தான்னு அவர் கேப்பாரே."

"எதுனா ஒரு பேரு சொல்லு."

"உங்க வூட்ல யார் யார் இருக்காங்கன்னு அந்தாளுக்குத் தெரியும், முனிம்மா. நீ அங்கதான வேலை செய்யற. இருக்கறதே ரெண்டு பேரு. நெலா பேரச் சொல்லட்டுமா?"

"வாய கய்வு பாய்!"

மின்சார ரயில் ஒன்று பாலத்தில் போய் முடிந்தது.

"என் பேரச் சொல்லு" என்றாள் முனியம்மாள்.

"அல்லா! இன்னா பேச்சு பேசற நீ? மௌத்த வெச்சு நான் பொய் சொல்லமாட்டேன்."

"அன்னிக்கி மட்டும் நான் வேலைக்குப் போவல. மறாநாளு போய் நிப்பேன். யாரோ தப்பா சொல்ட்டாங்கன்னு சொல்லிக்கறேன். சிரிச்சிக்கினு பூடுவாங்க. என்னிய பாக்க மாடிலேந்து எவன் எறங்கி வரப்போறான், ஆத்தோரத்துக்கு?"

"வேணாம் முனிம்மா. சாவ வெளயாட்டா கூப்புடக் கூடாது."

"வெளயாட்டா? எம் பொண்ணு வேல பூட்டா அப்பால இன்னா பண்ணும், என் மாதிரி பாத்தரம் தேய்க்குமா? எங்கள சாவு வூடுன்னு வெச்சிக்கினு இத்தினி நாளு வாய்வு குட்த்த. இப்ப உசுரோட கீறாங்கன்னு புட்ங்கிட்ட. உசுரோட கீறதுதான் தப்புன்னா, ஒரு நாளு செத்துட்டுப் போறேன் உடு."

வலியுல்லாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார். போகும்போது வாஜிதைப் பார்த்து, "எனக்குத் தெரியாது. நீ இன்னா பண்ணுவியோ பண்ணு" என்றார். பொய்யைத் தான் சொல்லாமல் அடுத்தவன் வாயால் சொல்லவைத்தால் கணக்கில் வராது என்று நினைத்தாரோ என்னவோ. நல்லவர்களுக்கும் இப்படி ஒரு ஒளிகிற இடம் தேவைப்படுகிறது.

வியாழக்கிழமை காலையில் வாஜித் சாய்சரணுக்குச் சொன்னான், முனியம்மா தவறிவிட்டாள் என்று. "அடடா" என்றார் அவர். "சரி சரி, ஏத்திக்கோங்க. எப்போ எடுக்கறாங்க?"

அன்றைக்கு முனியம்மாள் வாசலுக்குக்கூட வரவில்லை. யார் கண்ணிலும் படக்கூடாதே. கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்புப் பக்கத்துச் சுவரோரம் மூச்சுச் சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அனல். ஃபேன் இல்லை. மகளின் முதுகில் சுடிதார் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் ஒரு சொட்டுச் சிந்தாமல் போனது. எந்த ஊர்க்காரர், எந்த வயசுக்காரர் என்றாலும் நிலா நிதானமாகக் கேட்டாள், பதில் சொன்னாள், நேரம் குறித்தாள். "கேக்கலை" என்று ஒருவரும் கத்தவில்லை. ஒரு கிழவி, "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டு வைத்தாள்.

மாலையில் கம்பெனியிலிருந்து நல்ல செய்தி வந்தது. வேலை நிரந்தரம். நிலா ஃபேனைப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வியர்வையும் அழுகையுமாக நனைந்தார்கள்.

"யம்மா, நாளைக்கும் லைன் இப்டியே இருக்குமா?"

"இருக்கும், இருக்கும். பாயாண்ட பேசிக்கலாம்" என்றாள் முனியம்மாள். வேலையை முதலில் பிடித்துவிட்டால் லைனுக்கு ஏதாவது வழி பிறக்கும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

மறுநாள் வழக்கம்போல் ரிவர் கிரீனுக்குப் போனாள். கேட்டில் வாட்ச்மேன் அவளைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டே மாடி ஏறினாள். என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரியே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

மூன்றாவது மாடி வீட்டம்மா கதவைத் திறந்து நெஞ்சில் கை வைத்தாள்.

"முனியம்மா! நீ... போயிட்டேன்னு சொன்னாளே!"

"யாரோ தப்பா சொல்ட்டாங்கம்மா. நான் குத்துக்கல்லாட்டம் கீறேன்."

"அம்மாடி! ஆயுசு கெட்டி உனக்கு. கேட்டதும் எனக்குச் சாதமே இறங்கலை தெரியுமோ? குரூப்ல எல்லாரும் இரங்கல் போட்டா." உண்மைதான். முதலில் இரங்கல் போட்டார்கள். அதற்கு அடுத்தபடியே, வேறு ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார்கள்.

வீட்டம்மாவின் தோளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. தொட்டியடியில் ஒரு பெண், முப்பது வயசிருக்கும், தேய்த்த பாத்திரங்களை அடுக்கிவிட்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள். முனியம்மாளுக்கென்று ஜன்னல் மேட்டில் தனியாக வைத்திருந்த டம்ளர் அவள் கையில் இருந்தது.

"நேத்து சாயங்காலமே வந்துட்டா இவ" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "மூணு ஆத்துலயும் இவளையே வச்சுண்டோம். பாவம், இவளுக்கும் ரெண்டு குழந்தைகள். வந்த மறுநாளே போன்னு எப்படிச் சொல்றது, நீயே சொல்லு? எவன் இந்தப் புரளியைக் கிளப்பினானோ அவனைப் பிடிச்சுக் கேளு."

எவன் கிளப்பினான் என்று சொன்னால் பாயின் கடை போய்விடும். முனியம்மாள், புதியவள் டம்ளரைக் கழுவி அதே ஜன்னல் மேட்டில் கவிழ்த்து வைப்பதைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் அந்த வீட்டில் மாவு அரைத்திருக்கிறாள், அந்த அம்மாவின் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் பீ மூத்திரம் அள்ளியிருக்கிறாள். ஒரு பகல்தான் செத்துப்போனாள். அதற்குள் அவள் இருந்த இடம் மூடிவிட்டது. மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

வீட்டு வாசலிலேயே கேட்டது. "ஹலோ... சார்... நிலா... ஹலோ..." நேற்று மாலையே சாவு வீட்டை இறக்கிவிட்டார்கள். உள்ளே போகாமல் அப்படியே திரும்பி, சந்தில் ஏறிக் கடைக்கு வந்தாள். வலியுல்லா கல்லாவில் இருந்தார், வாஜித் திரைக்கு முன்னால்.

"லைன் எங்க பாய்?"

"ஒரு நாளுன்னுதான பேச்சு, முனிம்மா. நேத்து அஞ்சு மணிக்கே சார் கேட்டாரு, எடுத்தாச்சான்னு. வாஜித் எடுத்தாச்சுன்னுட்டான்."

"எங்க எட்த்தீங்க? தோ நிக்கறன்ல?"

"முனிம்மா..."

"மூணு வூட்லயும் வேற ஆளு வெச்சிட்டாங்க பாய். எல்லாரும் என் சாவுக்கு வர்த்தப்பட்டு முடிச்சிட்டாங்கோ. எனக்கு வேல இல்ல. தோ, லைன் இல்லாம பொண்ணுக்கும் இன்னும் பத்து நாள்ல வேல இருக்காது."

வலியுல்லாவின் கண் கலங்கியது. "நான் சார்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்" என்றார். சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போனை எடுத்தார், பார்த்தார், கீழே வைத்தார்.

"மாமு, இன்னா பண்ணட்டும்?" என்றான் வாஜித். விரல் தயாராக இருந்தது. திரையில் ரிவர் கிரீன் மட்டும் முதல் வரிசையில் தனியாக இருந்தது.

முனியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடை வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், தெற்கே தலை வைத்துக் காலை நீட்டிப் படுத்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"முனிம்மா, எய்ந்திரு! ஜனங்க பாக்கறாங்க" என்று வலியுல்லா கல்லாவை விட்டு ஓடிவந்தார். அவளைத் தொட்டுத் தூக்கவும் முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பஜார் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். மீன்கூடையோடு வந்த ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், யாரு இது? இன்னா ஆச்சு?"

முந்தானைக்கு உள்ளே இருந்து முனியம்மாள்தான் சொன்னாள்.

"மண்ணாங்கட்டி பொண்டாட்டி. நேத்து செத்துட்டா. இன்னும் எடுக்கல."